திருகோணமலைக்குச் சுழியோடச் செல்வோர்க்கு

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு டிசெம்பர் விடுமுறையில், திருகோணமலைக் கடலடியில் உள்ள முருகைக்கற் பாறைகளைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆவலோடு நான் புறப்பட்டேன். ஆசிரியத் தொழில் பார்ப்பவனுக்கு டிசெம்பரிலேதான் நீண்ட ஓய்வு. கடலும் அந்த மாதத்தில் எனக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிவிட்டேன் போலும்! நிலாவெளியில் வந்து இறங்கியபோது மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. தோணிகள் யாவும் கரையிலே வெகுதூரம் மேலே இழுத்து ஏற்றப்பட்டு, தென்னோலையால் மூடிக் கிடந்தன. விடுதியில் என்னையும் காவற்காரரையும் தவிர வேறு ஒருவரும் இல்லை. அந்த மனிதர் என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, “ஐயா, வாடைக்காலத்தில் இங்கே யார் கடலுக்குப் போவார்கள்?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார். நான்கு நாட்கள் விறாந்தையில் அமர்ந்து, களிமண் நிறத்தில் புரண்டுகொண்டிருந்த அலைகளைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வீடு திரும்பினேன்.

அந்த நான்கு நாள் ஏமாற்றத்திலிருந்தே இந்தப் பேச்சு பிறந்தது. மாணவ நேயர்களே, உங்களிற் சிலர் சுழியோடும் கலையைக் கற்க விரும்பலாம். வேறு சிலர் முகமூடியை அணிந்து நீரின் மேலே மிதந்தவாறு கடலின் அடியைக் காண விரும்பலாம். எதுவாயினும், அத்தகைய ஊரிலே தங்குவதற்குத் திட்டமிடுவது கோயிற் பட்டணத்துக்கோ மலைநாட்டுக்கோ போவதற்குத் திட்டமிடுவது போன்றதன்று. போகும் நாளைக் காற்று தீர்மானிக்கிறது. திரும்பும் நாளை நம்முடைய உடம்பினுள் ஓடும் இரத்தம் தீர்மானிக்கிறது. முதலாவதை நான் அந்த டிசெம்பரிலேயே கற்றுக்கொண்டேன். இரண்டாவதைக் கற்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் சென்றன.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லுகிறேன். இலங்கை சிறிய தீவு. ஆனால் அதன் நடுவே உயர்ந்து நிற்கும் மலைத்திரள் அதனை இரண்டு நாடுகளாகப் பிரித்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. அது சுமந்துவரும் ஈரத்தை மலைகளின் மேற்குப் புறத்திலே பெரும்பாலும் கொட்டிவிட்டு, கிழக்குப் புறம் வரும்போது வறண்ட காற்றாக இறங்குகிறது. கிழக்குக் கரையார் அதனைக் கச்சான் என்பர். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் திருகோணமலைக் கரையில் அலை எழுவதில்லை. நீர் குளம் போலத் தெளிந்து கிடக்கும். அதே மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் உள்ள கரைகளைச் சென்று பாருங்கள். ஹிக்கடுவையிலும் உனவட்டுனையிலும் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், சுழியோடிகளின் படகுகள் கரையிலே ஓய்ந்து கிடக்கும்.

ஒக்டோபர் கழிந்தபின் நிலைமை தலைகீழாக மாறுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை, வங்கக் கடலின் ஈரத்தை எல்லாம் வாரிக்கொண்டு கிழக்குக் கரையில் நேராக வந்து மோதுகிறது. திருகோணமலைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையிற் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையின் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் அது கொண்டுவந்து சேர்க்கும் மண் கடலைக் கலக்கிவிடுகிறது. நான் விறாந்தையிலிருந்து பார்த்த களிமண் நிறத்துக்கு, மலைநாட்டு மண்ணும் ஒரு காரணமாய் இருந்திருக்கும்.

இந்த மாற்றத்தை மீனவர்கள் நமக்கு முன்பே நன்கு அறிந்திருந்தார்கள். தென்மேல் காற்றுக் காலத்தில் நீர்கொழும்பு போன்ற மேற்குக் கரை ஊர்களிலிருந்து மீனவர் சிலர் குடும்பத்தோடு கிழக்கே வந்து, கடற்கரையில் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். சுழியோட விரும்புவோனும் அவர்களைப் பின்பற்றினாற் போதும். பாடசாலை மாணவர்களுக்குக் கிடைக்கும் ஏப்பிரல் விடுமுறையும் ஓகஸ்ட் விடுமுறையும் கிழக்குக் கடலுக்கு உகந்தவை. டிசெம்பரிலேதான் ஓய்வு கிடைக்கும் என்பவர் தெற்குக் கரைக்குப் போகட்டும்.

போய்ச் சேரும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து தெருவழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். புகையிரதப் பாதை கல்லோயாச் சந்தியில் பிரிந்து திருகோணமலைக்கு வருகிறது. ஹபரணைக்கு அப்பால் தெரு காட்டினூடே செல்வதால், இரவிலே யானைகள் குறுக்கிடுவது உண்டு. பகலில் பயணம் செய்வது நன்று. தங்குவதற்கு உப்புவெளியிலும், அதற்கு வடக்கே நிலாவெளியிலும் எளிய விடுதிகள் உண்டு. அறை பெரிதாக இருக்கிறதா, கடல் தெரிகிறதா என்றெல்லாம் விசாரிப்பவர்கள், அமுக்க அறை வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று விசாரிப்பதில்லை. அது என்ன அறை என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

இனி, கடலுக்குள் என்னதான் இருக்கிறது? நிலாவெளிக் கரைக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலை என்னும் சிறு தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் அதன் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 2003ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதனைச் சுற்றி முருகைக்கற்கள் ஆழமற்ற நீரிலேயே வளர்ந்திருப்பதால், சுழியோடத் தெரியாதவரும் முகமூடியைக் கட்டிக்கொண்டு மிதந்தபடியே காணலாம். கரிய நுனித் துடுப்புள்ள சிறு சுறாக்கள் ஆளைக் கண்டதும் விலகிச் செல்லும், அஞ்ச வேண்டியதில்லை. அவற்றால் நமக்கு நேரும் கேட்டைவிட, நம்மால் அந்த இடத்துக்கு நேரும் கேடு பெரிது. முருகைக்கல் என்பது வெறுங் கல்லன்று, உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டைக் கல்லாக வளரும் இனங்கள் ஓராண்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. நீரில் நிற்கக் கால் தேடும் ஒருவர் ஒரே மிதியில் பத்தாண்டு வளர்ச்சியை முறித்துவிடலாம். நான் போன அன்று ஒரு கூட்டத்தார் முருகைக்கல்லின் மேலே ஏறி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அழைத்துவந்த படகுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நீந்தத் தெரியாதவர் முதலில் நீந்தக் கற்றுக்கொண்டு பின்னர் அங்கே போவதே முறை.

திருகோணமலை நகரில், கடலுக்குள் நெட்டுக்குத்தாக இறங்கும் சுவாமிமலையின் அடியிலும் சுழியோடிகள் இறங்குவதுண்டு. அந்தக் குன்றின் மேல் இருந்த பழைய கோணேசர் கோயில் 1620களில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டுவதற்குப் போயின. கடலில் தள்ளப்பட்டவையும் இருந்தன. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்த மலையடியிலே சுழியோடி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் நீருக்கடியில் கண்டு படம் பிடித்தார்கள். கிளார்க்கின் பெயரை விண்வெளிக் கதைகளோடு சேர்த்தே உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். அவரை இலங்கைக்கு இழுத்துவந்தது வானமன்று, இந்தக் கடல். 2008இல் இறக்கும்வரை அவர் இந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

போர்க்காலத்துக் கப்பல்களும் கிழக்குக் கடலிலே கிடக்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பற்றியது. பின்னர் அது துறைமுகத்திலேயே அமிழ்த்தப்பட்டு, பல பத்தாண்டுகள் நீருள் கிடந்து, 2018இல் இலங்கைக் கடற்படையினரால் மேலே எடுக்கப்பட்டது. அதே ஏப்பிரல் 9ஆம் நாளில், தெற்கே மட்டக்களப்புக்கு அப்பால், ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கடிக்கப்பட்டது. அது இன்று 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. 1983 முதல் 2009 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தின்போது இந்தக் கடல்களில் பொழுதுபோக்குக்காகச் சுழியோடுவது எண்ணிப் பார்க்க முடியாத காரியம். யுத்தம் ஓய்ந்தபின் ஹெர்மிஸைக் காண்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து சிலர் வரலாயினர்.

என் பெறாமகனும் ஹெர்மிஸைப் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் பிடிவாதம் செய்தான். அவன் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறையாக நான் திருகோணமலைக்குப் போனது அவனோடுதான். இம்முறை ஓகஸ்ட் மாதம். கடலும் தெளிவாயிருந்தது. முதற்படிப் பயிற்சி பெற்றவர் 18 மீற்றருக்குக் கீழே இறங்கலாகாது என்பது விதி. தேர்ந்த பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கே 40 மீற்றர்தான் எல்லை. ஐம்பது மீற்றரைத் தாண்டிக் கிடக்கும் கப்பல் அவனைப் போன்ற புதியவனுக்கு உரியதன்று. “பன்னிரண்டு மீற்றர்தானே, சித்தப்பா, அதிகம்?” என்றான். ஆழத்தை மீற்றர்க் கோலால் மட்டும் அளப்பவர் இவ்விதம் கேட்பது இயல்பே. நீரில் அமுக்கத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நாம் தரையில் நிற்கும்போது, நம்மைச் சூழ்ந்த வளிமண்டலம் ஓர் அளவான அமுக்கத்தை நம்மீது செலுத்துகிறது. அதை ஒரு வளிமண்டல அமுக்கம் என்கிறோம். கடலில் 10 மீற்றர் இறங்கினால் இன்னொரு வளிமண்டல அமுக்கம் அதனோடு சேருகிறது. ஆகவே 10 மீற்றரில் இரண்டு. 20 மீற்றரில் மூன்று. 30 மீற்றரில் நான்கு. போயிலின் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அமுக்கம் இரட்டிக்கும்போது வாயுவின் கனவளவு பாதியாகிறது. பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் அந்த விதிதான் சுழியோடியின் உயிரைக் காக்கிறது.

முதலிலே அது தெரிவது காதில். இறங்கும்போது செவிப்பறைக்கு உட்புறத்தில் உள்ள காற்று சுருங்குகிறது. பறை உள்நோக்கி அழுத்தப்பட்டு வலிக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து காதுக்குச் செல்லும் குழாய் வழியே காற்றுப் புகுந்து அமுக்கம் சமனாகும். தடிமன் பிடித்தவனுக்கு அந்தக் குழாய் அடைத்திருக்கும். ஆகவே தடிமனோடு கடலில் இறங்கலாகாது. ஒரு வாரத்துக்கென்று பணம் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் தடிமன் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்வதற்கில்லை, கரையில் இருக்க வேண்டியதுதான். அதனால்தான் பயிற்சிக்கு நான்கு நாட்கள் தேவையென்றால் தங்குவதற்கு ஏழு நாட்களாவது ஒதுக்குங்கள் என்கிறேன். நாட்களை நெருக்கித் திட்டமிட்டவனுக்கு, இறங்காமல் இருக்கும் துணிவு வருவதில்லை.

அடுத்தது நெஞ்சறை. ஆழத்திலே சிலிண்டரிலிருந்து நாம் சுவாசிக்கும் காற்று, அந்த ஆழத்துக்குரிய அமுக்கத்தில் வருகிறது. 20 மீற்றரில் ஆறு லீற்றர் காற்றை நிரப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி ஒருவன் மேலே வந்தால், அந்த ஆறு லீற்றர் பதினெட்டு லீற்றராக விரிய முயலும். நெஞ்சு அதைத் தாங்காது, சுவாசப்பை கிழிந்துவிடும். எனவே சுழியோடக் கற்பவனுக்கு முதல்நாள் முதல் வார்த்தையாகச் சொல்லப்படுவது, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. நம் முன்னோர் சங்குக்காகவும் முத்துக்காகவும் மூச்சை அடக்கித்தானே சுழியோடினர் என்று நீங்கள் வினவலாம். அவர்கள் கரைக்காற்றில் இழுத்த ஒரே மூச்சோடு இறங்கினர். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிந்ததேயன்றி அதற்கு மிஞ்சவில்லை. 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து அமைத்த மூச்சுக் கருவிக்குப் பிறகே, தன் சிலிண்டரைத் தானே சுமந்துகொண்டு கடலடியில் உலாவும் மனிதன் பரவலாகத் தோன்றினான். புதிய ஆபத்துகளும் அவனோடு கூடவே இறங்கின.

அவற்றுள் மிகவும் வஞ்சகமானது நைதரசன். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. தரையில் அது நம்முள் சென்று அப்படியே திரும்புகிறது; நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆழத்திலோ, அமுக்கம் கூடுதலாயிருப்பதால், அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் சிறிது சிறிதாகக் கரைகிறது. சோடாப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது உள்ளே குமிழி ஒன்றும் தெரியாது. திடீரெனத் திறந்தால் நுரைத்துப் பொங்குகிறது. மெல்ல மெல்லத் திறந்தால் பொங்காமல் வாயு வெளியேறிவிடுகிறது. மனித உடம்பும் அப்படித்தான். ஆழத்திலே நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலே வந்தால், கரைந்த நைதரசன் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் தங்குகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே போயில், காற்று அகற்றிய கலத்தினுள் ஒரு விரியன் பாம்பை வைத்தபோது, அதன் கண்ணிலே ஒரு குமிழி அசைந்ததைப் பார்த்தார். ஹால்டேன் என்ற அறிஞர் ஆடுகளைக் கொண்டு சோதனை நடத்தி, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எவ்விதம் படிப்படியாக மேலேற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். இன்று சுழியோடிகள் கையில் கட்டியிருக்கும் சிறு கணினிகள் அந்தக் கணக்கின் வழிவந்தவையே. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் எழுவதும், மேற்பரப்புக்கு 5 மீற்றர் கீழே மூன்று நிமிடம் தங்கிவிட்டு வருவதும் இன்றைய வழக்கம்.

முன்னர் குறிப்பிட்ட அமுக்க அறை இந்த நோய்க்குத்தான். நோயாளியை உருக்கு அறையொன்றினுள் வைத்து, மீண்டும் அமுக்கத்தை ஏற்றி, ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து, குமிழிகளைக் கரைத்து, மெல்ல மெல்ல இறக்குவார்கள். நேரம் கழியக் கழியக் குணமாகும் வாய்ப்புக் குறைகிறது.

இத்தனையும் என் பெறாமகன் பயிற்சியிலே படித்துத் தேர்ந்தவை. பதில் சொல்லச் சொன்னால் என்னைவிட நன்றாகச் சொல்வான். ஆனாலும், திரும்பும் நாளைப் பற்றி நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. அவனுடைய தமக்கை நுவரெலியாவில் ஆசிரியையாக இருந்தாள். திருகோணமலையில் ஒரு வாரம் தங்கிவிட்டு, அங்கிருந்து வாகனத்தில் தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக நேரே நுவரெலியாவுக்குப் போவது என்று ஏற்பாடு. கடைசி நாள் நண்பகலில் வாகனம் வரும். காலையிலே ஒருமுறை இறங்கிவிட்டு வந்தால் ஒரு நாள் வீணாகாது என்று அவன் கணக்கிட்டான். பயிற்சி நிலையத்தாரும் ஆகட்டும் என்றார்கள். எப்போது விமானம் ஏறுகிறாய் என்று மட்டும் கேட்டார்கள். விமானம் ஏறவில்லை என்று இவன் சொன்னான். அவ்வளவோடு பேச்சு முடிந்தது.

முந்திய நாள் மாலை, படகை இழுத்து ஏற்றும் இடத்தில் ஒரு முதியவர் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். தினமும் அவரைப் பார்ப்போம். இடது காலைச் சற்று இழுத்தே நடப்பார். அன்று மாலைதான் அவரோடு உட்கார்ந்து பேசினோம்.

“தம்பி, இங்கேயிருந்து வெளிக்கிட்டு எங்கே போகிறீர்கள்?” என்று அவர் கேட்டார்.

“நுவரெலியாவுக்கு, ஐயா. நாளை மத்தியானம்.”

“காலையில் கடலுக்கு இறங்குகிறீர்களோ?”

“ஓம்.”

முதியவர் வலையைக் கீழே வைத்தார். தாம் இளமையில் கடலட்டை பிடித்தவர் என்றும், சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவதற்கு யாரும் தமக்குப் பாடம் சொல்லித் தரவில்லை என்றும் சொன்னார். கடலட்டையை நம்மவர் உண்பதில்லை; உலர்த்திக் கீழைத்தேசங்களுக்கு அனுப்புகிறார்கள். நல்ல விலை. கரையோரத்தில் அது அருகிப் போகப் போக, சுழியோடிகள் மேலும் மேலும் ஆழத்துக்கு இறங்கலாயினர். ஒரு காலை மூன்று சிலிண்டர் முடிந்தது. நான்காவதையும் கட்டிக்கொண்டு இறங்கினாராம். கரைக்கு வந்தபோது தோளிலே சிறு வலி. களைப்பு என்று எண்ணினார். மாலையில் கால்கள் விறைத்தன. இரவில் எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவரிடம் கொண்டுசேர்க்க இரண்டு நாளாயிற்று. அவரோடு தொழில் செய்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் இன்றும் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

“எனக்குக் கடவுள் ஒரு காலைத் திருப்பித் தந்தார்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மலைக்குப் போகிற தெருவும் மேலே ஏறுகிற தெருதானே, ஐயா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என் பெறாமகனைச் சுட்டது. பாடப் புத்தகம் படித்தவன் அவன். கேட்டவரோ ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மணலிலேயே உட்கார்ந்து விரலால் கணக்குப் போடத் தொடங்கினான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளறையில் இருக்கும் அமுக்கம் அதிகம் போனால் 2,400 மீற்றர் உயரத்துக்குரிய அளவில் வைக்கப்படுகிறது. அதாவது, நுவரெலியாத் தெருவில் ஏறுவது பெரும்பாலும் விமானத்தில் ஏறுவதற்கு ஒப்பானது. சுழியோடியபின், ஒரே ஒருமுறை இறங்கியிருந்தால் 12 மணி நேரமும், பல நாட்கள் பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் கழியாமல் விமானம் ஏறலாகாது என்பது மருத்துவர் கூறும் குறைந்த அளவு. ஒரு முழு நாள் பொறுப்பது இன்னும் நல்லது. காலை ஒன்பது மணிக்குக் கரையேறி, நண்பகலில் புறப்பட்டு, மாலைக்குள் மலையுச்சிக்குப் போவதென்றால், சோடாப் போத்தலை உலுக்கிவிட்டுத் திறப்பதற்கும் அதற்கும் வேறுபாடு என்ன? பயிற்சி நிலையத்தாரின் கேள்வியில் தெருவுக்கு இடமில்லாமற் போயிற்று. எங்களுக்கும் அது தோன்றவில்லை.

நேயர்களே, இலங்கையைச் சுற்றிப் பார்க்க வருவோரிற் பலர் கடற்கரையையும் மலைநாட்டையும் ஒரே பயணத்திலே காண விரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். மலைநாட்டை முதலிலே பாருங்கள். பின்னர் கடலுக்கு இறங்கி வாருங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் தெருவும் புகையிரதப் பாதையும் தாழ்ந்த நிலத்தினூடேதான் செல்கின்றன. அவற்றால் இந்தத் தொல்லை இல்லை. கொழும்பிலிருந்து விமானம் ஏறுவோரோ, கடைசியாகக் கரையேறிய நேரத்திலிருந்து ஒரு நாளை எண்ணிக்கொள்ள வேண்டும். நாட்குறிப்பில் அந்தக் கடைசி நாளை முதலிலேயே அடித்து வைத்துவிட்டு, பிறகு மற்ற நாட்களை நிரப்புவதே என் வழக்கமாகிவிட்டது.

அந்த நாளை எவ்விதம் கழிப்பது என்ற கவலை திருகோணமலையில் எழுவதில்லை. நகரிலிருந்து சிறிது தூரத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு இல்லை. நாங்கள் மறுநாள் காலை கோட்டை வாயிலினூடே சுவாமிமலைக்கு நடந்து சென்றோம். கோட்டைக்குள் மரநிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோணேசர் கோயிலில் வழிபட்டுவிட்டு, மலை விளிம்பிலே நின்றோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியருளினார். அவர் கடல் கடந்து வரவில்லை, இராமேசுவரத்துக் கரையில் நின்றவாறே பாடினார் என்பது மரபு. நமக்கு அந்தப் பேறு இல்லை. நாம் வந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே நீர் கருநீலமாய் இருந்தது. கரைக்கு மிக அருகிலேயே கடலடி பெரும் பள்ளத்தாக்காக இறங்குவதால்தான் திமிங்கிலங்கள்கூட இவ்வளவு கிட்ட வருகின்றன. அந்த நீருக்குள்ளே போர்த்துக்கேயர் தள்ளிய தூண்கள் கிடப்பதை நினைத்துக்கொண்டு, இவன் விளிம்பை விட்டு அசைய மறுத்தான். இறங்க முடியாமற் போன ஏக்கம் முகத்தில் தெரிந்தது. “அடுத்த ஓகஸ்டில், சித்தப்பா,” என்றான்.

முதல்நாள் நண்பகலில்தான் அவன் கடைசியாகக் கரையேறியிருந்தான். எனவே வாகனத்தை மேலும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, பகலுணவை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். வழியிலே தின்பதற்கென்று நகரத்துக் கடையொன்றில் அவன் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலம் ஒன்று வாங்கியிருந்தான். தம்புள்ளையில் அது வாங்கியபடியே இருந்தது. கண்டியில் சற்று உப்பியிருந்தது. கண்டியைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களினூடே தெரு வளைந்து வளைந்து ஏறியபோது, தலையணை போல வீங்கிவிட்டது. நுவரெலியாவில் தமக்கையின் வீட்டு வாசலில் இறங்கும்வரை அவன் அதைப் பிரிக்கவில்லை. மடியிலே வைத்துக்கொண்டு, இடையிடையே விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.